குருதியில் ஐந்து உயிரணுக்கள்

சிறிதளவு குருதியைச் சோதித்தால் போதும், புற்றுநோய் மருந்துக்குப் பணிகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்னும் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அடுத்த முறை படிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: அப்படித் தெரிந்துகொண்ட பிறகு மருத்துவர் என்ன செய்யப் போகிறார்?

புற்றுக் கட்டியிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து குருதியில் கலக்கின்றன. புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியில் அத்தகைய உயிரணுக்களை ஆஸ்திரேலிய மருத்துவர் ஆஷ்வொர்த் 1869-லேயே கண்டு எழுதினார். எண்ணுவதுதான் கடினம். ஒரு மில்லிலிட்டர் குருதியில் சிவப்பணுக்கள் மட்டுமே ஏறத்தாழ 500 கோடி! 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'செல்சர்ச்' கருவி இதற்கு ஒரு வழி கண்டது. புற்றணுவின் மேலுள்ள எப்காம் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை நுண்ணிய இரும்புத் துகள்களில் ஏற்றிக் குருதியில் கலக்கிறார்கள். பிறகு காந்தத்தால் இழுக்கிறார்கள். பரவிய மார்பகப் புற்றுநோயில், 7.5 மில்லிலிட்டருக்கு 5 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் நிலைமை கவலைக்குரியது.

ஐந்து என்றவுடன் எனக்குத் தயக்கம் வருகிறது. அதே நோயாளியிடம் அதே வேளையில் இன்னொரு குழாய் குருதி எடுத்தால் 3 கிடைக்கலாம், 7-ம் கிடைக்கலாம். இது கருவியின் குற்றமன்று. சிறு எண்களின் இயல்பு. எப்காமை இழந்துவிட்டுத் திரியும் புற்றணுக்களோ காந்தத்திற்கு அகப்படுவதே இல்லை.

இருந்தும் முன்னறிவிப்பில் இச்சோதனை சோடை போகவில்லை. அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான 'எஸ்-0500' ஆய்வைப் பாருங்கள். தொடக்கத்திலேயே 5-க்குக் குறைவாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 35 மாதம், மிகுந்திருந்து மருந்துக்குப்பின் குறைந்தவர்களுக்கு 23, குறையாதவர்களுக்கு 13. எவ்வளவு தெளிவான படிக்கட்டு! ஆய்வாளர்கள் இத்துடன் நிற்கவில்லை. முதல் சுற்று மருந்துக்குப் பின்னும் எண்ணிக்கை இறங்காத 123 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடனே மருந்தை மாற்றினர். மற்றவர்களுக்குப் பழைய மருந்தே தொடர்ந்தது. மாற்றியவர்கள் வாழ்ந்தது 12.5 மாதம், தொடர்ந்தவர்கள் 10.7. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரும். முதல் மருந்துக்குப் பணியாத நோய், வழக்கமான அடுத்த மருந்துக்கும் பணியவில்லை. சோதனை உண்மை சொன்னது. கையில் மருந்துதான் இல்லை.

பிரான்சில் இக்கேள்வியையே வேறுவிதமாகக் கேட்டார்கள்: ஹார்மோன் மருந்தா, கீமோதெரபியா? எண்ணிக்கையைக் கொண்டு தேர்ந்தெடுத்தாலும் மருத்துவரின் தீர்ப்புக்கு அது குறைந்ததன்று என்று 2021-இல் வெளியிட்டனர். அதற்குள் ஹார்மோன் மருந்துடன் சேர்த்துத் தரும் பால்போசிக்ளிப் போன்ற மாத்திரைகள் வழக்கத்திற்கு வந்துவிட்டன. இனி அவற்றோடு சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கையை மறுபடி சோதிக்க வேண்டும்.