வன்னிக் கதைகளில் பேச்சும் திருத்தமும்

1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். ஆசிரியர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். காட்டோடு வளர்ந்த பதஞ்சலியும் அங்கே படிப்பிக்க வந்த சுந்தரலிங்கம் வாத்தியாரும் வாய் திறந்தாலே யார் எந்த உலகத்து ஆள் என்பது விளங்கிவிடும். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நாவல் உயிரோடிருக்க இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

இப்படிப் பேச்சுவழக்கில் எழுதும் உரிமை சும்மா கிடைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் பண்டிதர்கள் சிலர் பேச்சுத்தமிழ் எழுத்தை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கியபோது, கே. டானியல், டொமினிக் ஜீவா போன்ற எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள்.

ஆனால் வட்டார வழக்கு வந்துவிட்டதால் மட்டும் உரையாடல் தேறிவிடாது. கிளிநொச்சிக் கமக்காரர் இருவர் கதைப்பதாக ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “இரணைமடுக் குளத்துத் துருசு இன்னும் திறக்காததாலை எங்கட சிறுபோக நெல்லு வாடுது எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணை?” சொற்களெல்லாம் வன்னிச் சொற்கள்தான். ஆனாலும் வயற்கரையில் எவரும் இப்படிக் கதைப்பதில்லை. அண்ணைக்குத் தெரிந்ததை அண்ணைக்கே சொல்வது வாசகருக்காக. திருத்தும்போது அது இப்படிச் சுருங்கலாம்:

“துருசு திறந்தாச்சோ அண்ணை?”

“எங்கையடாப்பா. பயிரைப் போய்ப் பார்.”

குளத்தின் பெயரும் போகத்தின் பெயரும் கதைசொல்லியின் வரியில் இருக்கட்டும். பேச்சில் கவலை மட்டும் நின்றால் போதும். இன்னொரு வளமும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது: நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகள். மருமகனை நேற்றுவரை ‘நீர்’ என்ற மாமனார் இன்று ‘நீ’ என்றால், சண்டையை விவரிக்க ஒரு பந்தி வேண்டியதில்லை. பல கதைகளில் இந்தப் படிகள் கவனமில்லாமல் மாறிமாறி வருகின்றன. சத்தமாக வாசித்துப் பார்த்தால் காது உடனே பிடித்துவிடும் பிழை இது.

தன் எழுத்தைத் தானே திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. எழுதியவரின் காது, தாளில் இல்லாத தொனியையும் சேர்த்தே கேட்கும். 2009இல் போர் முடிந்தபின் எழுதப்பட்ட வன்னிக் கதைகளில் இதைவிடக் கனமான தடை ஒன்றும் இருக்கிறது. கண்டதையும் இழந்ததையும் சாட்சியமாகப் பதிந்தவருக்கு ஒரு வரியை வெட்டுவதும் ஒரு சாவை மறைப்பதுபோலப் படும். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனாலும் “என்ரை பிள்ளையைக் கண்டனீங்களோ?” என்று ஒரு தாய் கேட்டபின், அவள் துயரத்தை ஆசிரியர் மேலும் ஐந்து வரி விளக்கினால் அந்தக் கேள்வியின் வலு குறைகிறது. அந்த ஐந்து வரியை எடுத்தால் சாட்சியத்தில் எதுவும் குறையாது.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. தமிழகத்து வாசகருக்கும் விளங்கவேண்டும் என்று ‘எண்டு’ ‘என்று’ ஆகிறது, ‘கதைச்சது’ ‘பேசியது’ ஆகிறது. கூடவே ஆளின் ஊரும் வயதும் அழிகின்றன. விளங்காத சொல்லுக்குப் புத்தகத்தின் கடைசியில் பொருள் கொடுக்கலாம். பாத்திரத்தின் வாயைத் திருத்தவேண்டியதில்லை.