பத்துக்கு ஐம்பதும் பாதி அறிவுரையும்

வானம் பார்க்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், பழகியவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தொலைநோக்கி அப்புறம், முதலில் ஒரு பைனாகுலர், அதுவும் பத்துக்கு ஐம்பது. இந்த அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை. அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் குறை.

10×50 என்றால் பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. அகல முகப்பு வில்லை. ஒரே பார்வையில் ஆறு பாகையளவு வானம் அடங்கும்; பன்னிரண்டு முழுநிலாக்களை வரிசையாக வைக்கிற அகலம் அது. கார்த்திகைக் கூட்டம் பல தொலைநோக்கிகளில் துண்டு துண்டாகத்தான் தெரியும். பைனாகுலரில் சுற்றியுள்ள இருட்டோடு சேர்த்து முழுசாகத் தெரியும், அழகே அந்த இருட்டில்தான் இருக்கிறது. காட்சி தலைகீழாகவும் புரளாது.

இந்தக் கருவியின் பெருமைக்கு இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்காக்கைச் சாட்சியாகக் காட்டுவார்கள். 1983 மே மாதம், மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்தபடியே 15×80 பைனாகுலரில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த பள்ளி ஆசிரியர். அதில் சொல்லாமல் விடுவது, அவர் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் இருப்பிடத்தை மனப்பாடமாக வைத்திருந்தார் என்பதை. புதிதாக ஒரு புள்ளி வந்திருப்பதைக் கருவியா சொன்னது?

விடுபடும் பாதியில் முதலாவது வயது. முகப்பு அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 10×50க்கு 5 மி.மீ., 7×50க்கு 7 மி.மீ. இளவயதில் இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியலாம், ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ. வருவதே பெரிய விஷயம். அப்படிப்பட்டவர் கையில் 7×50 வெறும் 7×35 ஆகிவிடுகிறது. மிச்ச வெளிச்சம் கண்மணியைச் சுற்றி விழுந்து வீணாகிறது, சுமந்த எடை மட்டும் மிச்சம். நகரத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் இளைஞருக்கும் ஏறக்குறைய இதே கதி.

அடுத்தது கை. பத்து மடங்கு பெருக்கினால் நடுக்கமும் பத்து மடங்கு பெருகும். வியாழனின் நான்கு நிலவுகள் இதில் தெரியும் என்பது உண்மை. கையில் பிடித்துப் பார்த்தால் கோலப்புள்ளிகள் குதிப்பதுபோல் இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினால் அடங்கும். உச்சிவானத்தைப் பார்க்க முக்காலியைவிடச் சாய்வு நாற்காலி மேல்; முக்காலிக்குக் கீழே கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது புரியும். ஊன்ற இடமில்லாதவருக்கு நான் 8×42ஐத்தான் சொல்வேன். சனியின் வளையத்துக்காக ஏங்கும் குழந்தைக்கோ இவற்றில் எதையும் வாங்கித் தராதீர்கள். வளையத்தைப் பிரித்துக் காட்ட இந்தப் பெருக்கம் போதாது.

கடையில் எண்ணை நம்பாமல் பொருளைப் பாருங்கள். கண்வில்லையை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால் உள்ளே ஒரு ஒளிவட்டம் தெரியும். அது முழுவட்டமாக இருக்க வேண்டும். ஓரம் நறுக்கியதுபோல் சாம்பல் படிந்திருந்தால் பட்டகம் மட்டம். இரு குழல்களும் ஒரே புள்ளியில் சேராவிட்டால் பத்தே நிமிடத்தில் தலைவலி வரும். 'ஜூம்' வசதிக்கு மயங்க வேண்டாம், முகப்பில் செக்கச்செவேலென்று மின்னும் பூச்சுக்கும்தான்.

இன்னொன்று, எதைப் பார்ப்பது என்ற பட்டியல். அது பெரும்பாலும் நமக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளின் வானத்துக்காக எழுதப்பட்டது. லண்டனில் உதிக்கவே உதிக்காத ஒமேகா சென்டாரி, மே மாத முன்னிரவில் சென்னையின் தெற்கே 30 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றை விண்மீன். ஊரை விட்டுத் தள்ளி, சுவரில் ஊன்றிய 10×50இல் பார்த்தால், பஞ்சை உருட்டி வைத்ததுபோல் ஒரு வெண்திரள். லட்சக்கணக்கான விண்மீன்களின் கூட்டு வெளிச்சம் அது.