சொகுசும் பெருங்கடலும்: கோவையிலிருந்து ஒரு பார்வை

1973 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து முதல் விட்பிரெட் உலகச் சுற்றுப் பாய்மரப் பந்தயம் கிளம்பியது. பிரிட்டிஷ் படை அணிகளும் பிரான்சின் எரிக் தபார்லி போன்ற பேர்போன மாலுமிகளும் கலந்துகொண்ட பந்தயம் அது. படகின் அளவுக்கேற்பத் திருத்திய நேரக் கணக்கில் முதலிடம் பிடித்தவர் மெக்சிகோவின் ரமோன் கார்லின். துணி துவைக்கும் இயந்திரம் செய்து விற்ற தொழிலதிபர். அவர் ஓட்டிய 'சயூலா 2' பந்தயத்துக்கென்று கட்டிய படகும் அல்ல. பின்லாந்தின் நாட்டர் நிறுவனம் விற்பனைக்குக் கட்டிவந்த 'ஸ்வான் 65' ரகச் சொகுசுப் படகு. நல்ல சாப்பாடும் ஒயினும் தாராளமாக ஏற்றிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு போனவர் ஜெயித்தார். மோட்டாரும் கிரைண்டரும் செய்து முன்னுக்கு வந்த கோவைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட மனிதர் அந்நியராகத் தோன்றமாட்டார்.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் இதைப் பேசக் காரணம் உண்டு. கொச்சியின் போல்காட்டித் தீவுப் படகுத்துறை கோவையிலிருந்து அரை நாள் கார்ப் பயணத்துக்குள் இருக்கிறது. உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் அங்கே வந்து நிற்கின்றன. வாங்கும் வசதி உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு இயந்திரத்தை எப்படி எடைபோடுவது என்று தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர். பட்டறைக்குப் புது மெஷின் வந்தால் "கரண்டு போச்சுன்னா என்னங்க பண்றது, ரிப்பேருக்கு ஆளு இங்கயே இருக்காங்களா" என்றுதான் முதலில் கேட்பார்கள். சொகுசுப் படகுகளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும். விளம்பரப் புத்தகங்களில் அதற்குப் பதில் இருக்காது.

முதலில் இந்த வகைப் படகின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். கடலில் வசதி என்பது ஆடம்பரம் அல்ல, பாதுகாப்பு. தூங்காத மாலுமி தப்புக் கணக்குப் போடுவார். கனமான அடிக்கூடு கொண்ட படகு அலையில் வெடுக்கென்று துள்ளாமல் நிதானமாக எழுந்து இறங்கும். நாலு மணி நேரக் காவல் முடித்துப் படுக்கிறவருக்கு உடம்பு உண்மையிலேயே ஓய்வெடுக்கும். ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் சமையலறை, சாய்ந்த படகிலும் பிடித்து நடக்கக் கைப்பிடிகள், ஈரம் ஏறாத படுக்கை. இவையெல்லாம் மூன்றாவது வாரத்தில் உயிரைக் காக்கும்.

வேகமும் அப்படித்தான், அதுவும் ஒரு பாதுகாப்பு. இத்தகைய கனமான படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடுகிறது: தண்ணீரில் தோயும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உச்ச வேகம் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கில் கிடைக்கும். 27 அடிக்கு 7 நாட். 49 அடிக்கு 9.4. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல். நாளுக்கு 200 மைல் ஓடும் படகு இரண்டு வாரத்துக்குள் சேரும். 120 மைல் ஓடுவது மூன்று வாரத்தைத் தாண்டும். அந்த ஒன்பது நாள் வித்தியாசத்தில் ஒரு புயலாவது குறுக்கே வர வாய்ப்புண்டு. வேகமான படகு வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வழி மாறிப் போய்விடும்.

நம் நாட்டுக் கதையும் இந்த வகைப் படகின் பெருமைக்குச் சாட்சி. உலகைச் சுற்றிய முதல் இந்தியப் பாய்மரப் படகு ராணுவப் பொறியாளர் பிரிவின் 'திரிஷ்ணா'. 1985 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கிளம்பி 1987 ஜனவரியில் திரும்பிய அதுவும் ஒரு ஸ்வான்தான், 37 அடிப் பழைய படகு. கடற்படையின் 'மாதேய்', 'தாரிணி' இரண்டும் டச்சு நிறுவனமான வான் டி ஸ்டாட்டின் 'டோங்கா 56' என்ற பயணப் படகு வரைபடத்தைக் கொண்டு கோவாவின் அக்குவேரியஸ் தளத்தில் கட்டப்பட்டவை. சுமார் 55 அடி, 23 டன். மர நடுவத்தின் மேல் கண்ணாடி இழை. 2017இல் கடற்படையில் சேர்ந்த தாரிணியில் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாட்களில் உலகைச் சுற்றினார்கள். 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை, கடற்படை அதிகாரிகளான, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இரண்டே பேராக அதே படகில் சுற்றி வந்தார்கள். இரண்டு பேர் 23 டன்னை அடக்கி ஓட்ட முடிந்தது என்றால், அதில் படகின் அமைப்புக்கும் பெரிய பங்குண்டு.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். என் மனக்குறை இங்கேதான்: இன்றைய சொகுசு, கடலுக்காகச் செய்யப்படுவது குறைந்து, துறைமுகத்துக்காகச் செய்யப்படுவது அதிகமாகிவிட்டது. படகின் பின்பகுதியில் மூன்று பேர் படுக்கும் அகலக் கட்டில் போடுகிறார்கள். நங்கூரமிட்ட இரவில் அருமையாக இருக்கும். இருபது டிகிரி சாய்ந்த படகில் அதில் படுத்தவர் உருண்டுகொண்டே இருப்பார். குறுகலான, ஓரத்தில் துணித் தடுப்பு கட்டிய படுக்கையில்தான் கடலில் தூங்க முடியும். பாயைப் பொத்தான் அழுத்திப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டும் ஏற்பாடும் அப்படியே. வயதான தம்பதிகளுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த எடை முழுவதும் உயரத்தில் ஏறுகிறது. நடுவில் சிக்கிக்கொண்டால், காற்று ஏறும் நேரத்தில் பாயை இறக்க வழி இல்லை. குளிர்சாதனம், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, கயிறிழுக்கும் மின்சார வின்ச் எல்லாமே ஒரே மின்சாரத்தை நம்பி நிற்கின்றன.

2022–23 கோல்டன் குளோப் பந்தயத்தில் 36 அடிப் படகில் உலகைத் தனியாகச் சுற்றி இரண்டாமிடம் பெற்ற அபிலாஷ் டோமி, தானியங்கிச் சுக்கான் பழுதானபோது கழிவறைக் கதவை அறுத்துப் பாகம் செய்து ஓட்டினார். அப்படி அறுத்துச் செப்பனிட இடம் கொடுக்கும் படகைத்தான் நான் நல்ல படகு என்பேன்.

நான் சொன்ன குறைகளுக்கு எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி 'பேசியன்'. இத்தாலியின் பெரினி நவி கட்டி 2008இல் வெளிவந்த 56 மீட்டர்ப் படகு. பாய்மரம் மட்டும் 70 மீட்டருக்கு மேல். 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை, சிசிலியின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்தபோது சூறைக்காற்றில் கவிழ்ந்து மூழ்கியது. இருந்த 22 பேரில் ஏழு பேர் இறந்தார்கள். அதன் கீல், அதாவது அடியில் இறங்கும் பாரத்தட்டு, மேலே தூக்கப்பட்டிருந்தது. ஆழம் குறைந்த துறைகளுக்குள் நுழைய உதவும் வசதி அது. நங்கூரத்தில் இருக்கும்போது அதைத் தூக்கி வைப்பது விதிமீறலும் அல்ல. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2025 மே மாத இடைக்கால அறிக்கையில் சொன்னது இது: அந்த நிலையில் படகு 70.6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் மீளாது. பக்கவாட்டில் 63 நாட் வேகத்துக்கு மேற்பட்ட காற்றே அதைக் கவிழ்க்கப் போதும். இந்தப் பலவீனம் படகிலிருந்த நிலைத்தன்மைக் கையேட்டில் இல்லை, ஆகவே உரிமையாளருக்கும் மாலுமிகளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதலில் சொன்ன சயூலா 2ஐத் தென்பெருங்கடலில் ஒரு பேரலை தலைகுப்புறத் தள்ளியது. உள்ளே இருந்தவர்களுக்கு அடிபட்டது. படகு தானாகவே நிமிர்ந்தது, பாய்மரமும் நின்றது, பந்தயத்தையும் வென்றது. அதன் பாரம் எப்போதும் அடியில் இருந்தது. சயூலா, பேசியன் இரண்டுமே சொகுசுப் படகுகள்தான். ஒன்றில் சொகுசு, கடல் போட்ட எல்லைக்குள் அடங்கியிருந்தது. மற்றதில் உயரமும் துறைமுக வசதியும் எல்லையை நகர்த்தின, நகர்ந்தது யாருக்கும் சொல்லப்படவில்லை. எனக்கு வசதியோடு சண்டை இல்லை, மறைக்கப்பட்ட எல்லையோடுதான் சண்டை.

செலவையும் சொல்லவேண்டும். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடும் பொருளுக்கு அது மிகப் பெரிய தொகை.

கொங்கு நாடு இதில் வெறும் வாங்கும் இடமாக நிற்பதுதான் எனக்கு வருத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் சுற்றும் காற்றாலை இறக்கையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், இரு பக்கமும் பிசினில் தோய்த்த கண்ணாடி இழை, நடுவே பால்சா மரமோ நுரைப்பலகையோ இருக்கும். நவீனப் படகுக் கூடும் இதே அடுக்குதான். வெண்கலமும் துருப்பிடிக்காத எஃகும் வார்க்கும் பட்டறைகள் இங்கே இருக்கின்றன. 1956 முதல் ஜவுளி ஆராய்ச்சி செய்யும் சிட்ராவும், தொழில்துறைத் துணிகளுக்கான ஆய்வு மையம் நடத்தும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கேயே. உலகப் புகழ்பெற்ற நார்த் செயில்ஸ் நிறுவனம் பாய் செய்யும் கூடத்தை இலங்கையில் நடத்துகிறது. பருத்திக்கும் பின்னலுக்கும் பேர்போன நம் பகுதி ஏன் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது? தாரிணிக்கு வரைபடம் நெதர்லாந்திலிருந்து வந்தது. அடுத்த படகின் சுக்கான் வார்ப்பும் பாய்த்துணியுமாவது நம் ஊரிலிருந்து போகட்டும். பொறியியல் கல்லூரிகள் ஒரு மாதிரிப் படகைச் செய்து தொட்டியில் கவிழ்த்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

படகு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜையின் மரத்தையும் குளியலறைக் கல்லையும் பிறகு பாருங்கள். கீல் தூக்கிய நிலை, பாய் இறக்கிய நிலை, தண்ணீர்த் தொட்டி பாதி காலியான நிலை என ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி வரை சாய்ந்தால் படகு மீளும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தப் படகை வாங்காதீர்கள்.