முகமூடிக்கு வாரிசு உண்டா?

மறைந்துபோன ஒரு கலைஞரின் நடையையும் குரலையும் மீசையையும் வேறொருவர் மேடையில் அணிந்துகொள்ளும்போது, யாருடைய உடைமை தொடப்படுகிறது? அமெரிக்க நீதிமன்றங்களை நெடுநாள் அலைக்கழித்த வினா இது. நம் மனத்தை உறுத்துவதோ இதனினும் சற்று வேறானது. அதைக் கூற, இரண்டு இசை நாடகங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, 1980 மே மாதம் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய 'ஹாலிவுட்டில் ஒரு பகல், உக்ரைனில் ஓர் இரவு'. டிக் வாஸ்பர்க் எழுதி, ஃபிராங்க் லாசரஸ் இசையமைத்தது. செகாவின் 'கரடி' என்னும் சிறு நாடகத்தில் மார்க்ஸ் சகோதரர்கள் நடித்திருந்தால் எப்படியிருக்கும் என்ற கற்பனையே அதன் பிற்பகுதி. (கார்ல் மார்க்சுக்கும் இவர்களுக்கும் உறவேதுமில்லை. வாடெவில் எனப்படும் பல்சுவை மேடையில் வளர்ந்து, பின்னர் திரைக்குச் சென்ற நகைச்சுவையாளர்கள் இவர்கள்.) கிரௌச்சோவின் மை தீட்டிய மீசையும், சிக்கோவின் இத்தாலியக் கொச்சையும், ஹார்ப்போவின் ஊமை நடிப்பும் அப்படியே மேடையேறின. அம்மூவருள் கடைசியாக மறைந்தவர் கிரௌச்சோ, ஆண்டு 1977.

கிரௌச்சோவின் உரிமைகளைப் பெற்றிருந்த நிறுவனமும், ஹார்ப்போவின் மனைவியும் வழக்குத் தொடுத்தனர். நாடகம் புதிதாக எதையும் படைக்காமல் பழைய நடிப்பை நகலெடுத்ததாகக் கண்ட கீழ் நீதிமன்றம், 1981-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து மறைந்தவர்களாதலால் அம்மாநிலச் சட்டமே பொருந்தும். டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் வாரிசுகள் தொடுத்த வழக்கில் 1979-இல் அங்கே கண்ட முடிவின்படி, இவ்வுரிமை இவர்களுடைய வாரிசுகளுக்கு இறங்காது என்றது. கருத்துரிமையா, தோற்ற உரிமையா என்னும் பெரிய வினாவை அத்தீர்ப்பு தொடவேயில்லை. அதற்குள் நாடகம் 588 முறை நடந்து முடிந்திருந்தது.

தீர்ப்பின் முடிவு சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. காரணம் மட்டும் வேறு. அந்நாடகத்தில் ஹார்ப்போவாக நடித்தவர் பிரிசில்லா லோபஸ் என்னும் பெண். அதற்காக அவர் டோனி விருதும் பெற்றார். ஒரு பெண் அணிந்துகொண்டு மாறாமல் நிற்கக்கூடிய ஒன்றை, ஓர் ஆணின் 'முகம்' என்று எப்படிச் சொல்வது? சுருள்முடித் தொப்பியும், கையில் ஒலிக்கும் ஹார்னும், பேசாமையும் சேர்ந்த முகமூடி அது. சிக்கோவின் கொச்சைமொழி மட்டும் அவருடையதா? அவர் இத்தாலியரல்லர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அக்கால வாடெவில் மேடையெங்கும் இத்தாலியரும் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் கேலிப்பாத்திரங்களாக உலவினர். கிரௌச்சோவே தொடக்கத்தில் ஜெர்மானியக் கொச்சையில் பேசியவர். முதல் உலகப் போர் வந்ததும் அதைக் கைவிட்டார். கப்பலேறி வந்த ஏழைக் குடியேறிகளின் நாவிலிருந்து எடுத்த சரக்கு இது. எடுத்தபோது அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இனி, இரண்டாவது நாடகம். 1959-இல் அரங்கேறிய 'ஜிப்சி'. ஆர்தர் லாரென்ட்ஸ் எழுத, ஜூல் ஸ்டைன் இசையமைக்க, ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் பாடல் புனைந்தது. பர்லெஸ்க் நடனக்காரி ஜிப்சி ரோஸ் லீ 1957-இல் வெளியிட்ட தன்வரலாறே இதற்கு மூலம். மகள்களை மேடையில் ஏற்றியே தீருவேன் என்று ஊர் ஊராக இழுத்துச் செல்லும் தாய் ரோஸ்தான் கதையின் நடுநாயகம். நாடகம் என்ற அளவில், அமெரிக்க இசை நாடகங்களில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே எனலாம்.

ஆனால் அந்தத் தாய்க்கு இன்னொரு மகள் இருந்தார். ஜூன் ஹேவாக். குழந்தை நட்சத்திரமாக வாடெவிலில் ஆடிக் குடும்பத்துக்குச் சோறு போட்டவர் அவரே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குத் தப்பத் தாய் பொய்யான பிறப்புச் சான்றிதழ்களை வைத்திருந்தார். அதனால் தம் உண்மையான வயதே ஜூனுக்கு உறுதியாகத் தெரியாமற்போயிற்று. இளவயதிலேயே மணம் புரிந்து ஓடிப்போனார். இந்த வாழ்வைத் தமக்கை சொன்ன விதத்தில் மேடையேற்ற அவர் ஒப்பவில்லை, கையெழுத்திட மறுத்தார். ஒரு கட்டத்தில், பாத்திரத்தின் பெயரையே 'கிளேர்' என மாற்றவும் தயாரிப்பாளர்கள் முனைந்தனர். இறுதியில் ஜூன் கையெழுத்திட்டார். நாடகமோ 'இசைக் கற்பனைக் கதை' என்னும் துணைத்தலைப்போடு வெளிவந்தது.

உயிரோடிருந்த ஒருவர், என் நினைவு இதுவன்று என்று சொன்ன வழக்கு இது. மார்க்ஸ் வழக்கில் பேசப்பட்டது வணிகப் பொருள். இங்கே பேசப்பட்டது ஒரு குழந்தையின் துயரம். முன்னதற்கு நீதிமன்றப் படிகளும், தீர்ப்பும், மேல்முறையீடும் இருந்தன. பின்னதற்கு இருந்ததெல்லாம், கையெழுத்திடாமல் பேனாவைக் கீழே வைக்கும் சிறு அதிகாரம் மட்டுமே. அதுவும் சொந்தத் தமக்கையின் வாழ்வும் வருவாயும் எதிரே நிற்கையில் எத்தனை நாள் தாங்கும்?

'ஜிப்சி'யைத் தடுத்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சான்று கூறும் உரிமை தமக்கைக்கும் உண்டு. தாயின் கொடுமையை அவரும் அனுபவித்தவர்தாம். நாம் குறை காண்பது, தோற்ற உரிமை பற்றிய விவாதம் முழுவதும் மீசையையும் தொப்பியையும் சுற்றியே நடப்பதைத்தான். கலிஃபோர்னியா 1985-இல் இறந்தோரின் தோற்றத்துக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. பின்னர் அதை 70 ஆக்கியது. நியூயார்க் 2020-இல் இயற்றிய சட்டம் 40 ஆண்டு அளித்து, நாடகங்களுக்குப் பெரிதும் விலக்கும் தந்தது. விலக்கு நல்லதே; அஃதின்றேல் மேடையில் வரலாறே பேச இயலாது. எனினும் எல்லாக் கணக்கும் இறந்தவர் பெயரில் ஈட்டும் பணத்தைப் பற்றியதே.

ஜூன் செய்தது ஒன்றுதான். 'ஜிப்சி' அரங்கேறிய அதே 1959-இல் தம் நினைவுகளைத் தாமே நூலாக எழுதினார். பின்னர் இன்னொன்றும் எழுதினார். 2010-இல் மறைந்தார். அந்நூல்களை நாடிச் செல்வோர் சிலரே. 'ஜிப்சி'யோ 1974, 1989, 2003, 2008, 2024 என மீண்டும் மீண்டும் பிராட்வேக்கு வந்துகொண்டிருக்கிறது. முதற்பகுதி முடியுமிடத்தில் ஜூன் ஓடிப்போகிறாள். ஒரு கடிதம் வருகிறது. பிறர் அதைப் படிக்கின்றனர். அதன்பின் அந்த மேடையில் அவள் வருவதேயில்லை.