அழுத்தமா, ஆழமா?

இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸில், டோரா மைரா மலைப்பகுதியில், உள்ளங்கையை நிறைக்கும் கார்னெட் படிகங்கள் உண்டு. 1984இல் பிரெஞ்சு நிலவியலாளர் கிறிஸ்டியன் ஷோப்பான் அவற்றினுள் கோயசைட் துகள்களைக் கண்டார். ஆற்றுமணலின் குவார்ட்ஸும் கோயசைட்டும் ஒரே சிலிக்காதான். ஆனால் கோயசைட் உருவாக ஏறத்தாழ 2.7 கிகா பாஸ்கல் அழுத்தம் வேண்டும். மேலே கிடக்கும் பாறையின் எடையால் மட்டுமே அந்த அழுத்தம் வந்ததென்றால், ஆழம் 90 கிலோமீட்டர்.

அழுத்தத்தை இப்படி ஆழமாக மாற்றிப் படிப்பதே நிலவியலின் வழக்கம். அதன் பலன் பெரிது. எடை குறைந்த கண்ட மேலோடு ஆழத்துக்கு அமிழாது என்ற பழைய எண்ணத்தை டோரா மைரா உடைத்தது. அதே ஆண்டு நார்வேயிலும், பின்னர் லடாக்கின் ட்சோ மொராரியிலும் கோயசைட் சிக்கியது.

மேலேறும்போது அழுத்தம் தளர, கோயசைட் பருத்துக் குவார்ட்ஸாக மாற முயலும். சுற்றியிருக்கும் கார்னெட் இறுக்கிப் பிடித்திருப்பதால் மாற்றம் பாதியில் நின்றுவிடும். கார்னெட்டில் கதிர்போல் விரிசல்கள் ஓடும். இந்தச் சாட்சியம் தப்ப, ஏற்றம் விரைவாக நடந்திருப்பதும் உதவும். டேனியேலா ருபாட்டோவும் யோர்க் ஹெர்மனும் 2001இல் கனிமங்களின் வயதைக் கொண்டு கணக்கிட்டனர்: 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஏற்றத்தின் தொடக்க வேகம் ஆண்டுக்கு 3.4 சென்டிமீட்டர். மழையும் பனியாறும் மட்டும் மலையைக் கரைத்து இந்த வேகத்தைத் தந்துவிட முடியாது. அமிழ்ந்த மேலோடு, தன்னைவிட அடர்ந்த மூடகத்தில் மிதந்தெழுந்தது என்ற விளக்கம் இங்கேதான் வலுப்பெறுகிறது.

சிக்கலும் இங்கேதான். நேரடியாக அளக்கப்படுவது கிலோமீட்டர் அல்ல. கனிமம் காட்டும் அழுத்தம். தட்டுகள் மோதும் இடத்தில் பாறை பக்கவாட்டிலும் நசுங்குகிறது. 2017இல் பிலிப் யமாட்டோவும் ஜான்-பியர் பிரனும் இதையே சுட்டினர்: நசுக்கல் நின்று இழுவிசை தொடங்கினாலே, பாறை அதிகம் நகராமல் அழுத்தம் சரியக்கூடும். அப்படியானால் வேகமான ஏற்றத்தில் ஒரு பகுதி, கணக்குப் போடும் முறையால் வந்த தோற்றம்.

இந்த மறுப்பையும் அப்படியே ஏற்க முடியாது. டோரா மைரா பாறை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானது. அந்தச் சூட்டில் பெரும்பாலான பாறை இளகி வழியும். கூடுதல் அழுத்தத்தை நெடுங்காலம் தாங்காது.

ஆகவே முறையைக் கைவிட வேண்டியதில்லை. எழுதும் விதத்தை மாற்றலாம். உதாரணமாக, 3.5 கிகா பாஸ்கல் அழுத்தத்துக்கு, பாறை கன சென்டிமீட்டருக்கு 3 கிராம் அடர்த்தி என்று கொண்டால், ஆழம் 119 கிலோமீட்டர். அந்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டு நசுக்கலால் வந்ததென்றால் 95தான். ஒற்றை எண்ணுக்குப் பதில் இந்த இரண்டு எண்களையும், அவற்றின் அனுமானங்களோடு, ஆய்வாளர் அருகருகே தரலாம்.