ஓர் உம்மையும் ஒரு தேர்தலும்

2002ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒருநாள், முத்தாண்டிக்குப்பத்துத் தேநீர்க்கடையில் நாளிதழை விரித்துப் படித்துக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளரான நண்பர் என்னை நிமிர்ந்து பார்த்து, “உங்கள்ல இப்படியும் ஒருத்தரா, பாய்!” என்றார். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆயினும் நன்னூல் பாடங்கேட்டவன் செவிக்கு அந்த ‘உம்’ தப்பாது. இலக்கணிகள் அதனை இழிவு சிறப்பும்மை என்பர்.

அவர் கையிலிருந்த இதழில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளராய் அறிவிக்கப்பட்டிருந்த அப்துல் கலாம் அவர்களின் படம் இருந்தது. அந்த உம்மையை நண்பர் தாமாகப் படைக்கவில்லை. இதழ்களே அவருக்கு ஈந்தன.

இத்தேர்தலில் வாக்களிப்போர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே; ஐயாயிரம் பேர் தேறார். ஆளுங் கூட்டணியின் வேட்பாளரைக் காங்கிரசும் ஏற்றுக்கொண்டபின் முடிவில் ஐயமே இல்லை. சூலை 15இல் வாக்குப்பதிவு. 18இல் எண்ணியபோது வாக்கு மதிப்பு 9,22,884க்கு 1,07,366. அவ்வாறாயின் அந்த ஐந்து வாரமும் இதழ்கள் யாருக்காகப் பக்கம் பக்கமாய் எழுதின? வாக்கில்லாத நமக்காகவே. வாக்குத் திரட்டுவது அவற்றின் வேலையாயிருக்கவில்லை. ஓர் உருவத்தை நம் மனத்தில் நிறுத்துவதே வேலையாயிற்று.

அவ்வுருவின் உறுப்புகள் யாவை? ஏவுகணை, வீணை, கீதை, மரக்கறி உணவு, நரைத்து நீண்ட தலைமுடி. இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. மெய்யென்றோ பொய்யென்றோ கொள்ளுதற்கு இடந்தரும் கூற்றே ‘கபர்’ என்பது அரபு அணிநூலாராகிய பலாகத் அறிஞர் வகுத்த இலக்கணம். அந்த உரைகல்லில் இதழ்கள் தேறிவிடும். ஆனால் அதே நூல்களில் வேறோர் இயலும் உண்டு: புகழ்போல் தோன்றும் சொல்லாற் பழியை வலியுறுத்துதல். நம் தண்டியலங்காரம் புகழ்வது போலப் பழித்தலை இலேச அணியின்பாற் படுத்துவோர் உளர் என்று குறிக்கும். அங்கெல்லாம் புகழும் பழியும் ஒருவர்மேலனவே. நம் இதழாசிரியர்களோ புதுவகை ஒன்று கண்டார்கள்: புகழ் கலாமுக்கு, பழி அவருக்குப் பின்னே நின்ற சமுதாயத்துக்கு! ‘முஸ்லிமாயிருந்தும்’ என்னும் சொல் சில இடங்களில் வெளிப்பட்டும் பல இடங்களில் தொக்கும் நின்றது.

‘அக்னிச் சிறகுகள்’ 1999இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் தமிழாக்கம். அதைப் புரட்டிய எவருக்கும் இந்த வியப்புத் தோன்றியிராது. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்தவர். தந்தையார் தொழுகை தவறாதவர், கோயிற் குருக்களின் நெருங்கிய நண்பர். சீதாராமர் கலியாண விழாவுக்குப் படகு கொடுத்த குடும்பம். அந்த இணக்கம் முஸ்லிம் வாழ்க்கைக்குள்ளிருந்தே முளைத்தது. அதை மீறி முளைத்ததன்று. உமறுப் புலவரையும் குணங்குடியாரையும் ஈன்ற மரபுக்கு ஒரு வீணை என்ன புதுமை? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நில்லாமல் ஓடும் இரயிலிலிருந்து எறியப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாய்க் கொடுத்த சிறுவன் அவர். அறுபது ஆண்டு கழித்து அந்த நாளிதழ்களே அவரைக் கட்டாய்க் கட்டி நம் வாசலில் எறிந்தன.

நம்மவர் சிலரும் குற்றமற்றவரல்லர். வீணை வாசிப்பவர் எப்படி நம்மவராவார் என்று முகஞ்சுளித்தார்கள். இதழ்களின் அளவுகோலையே தலைகீழாய்ப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்து நின்றவரை யார் கண்டார்? இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் இலட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்து, நேதாசியின் இந்திய தேசிய இராணுவத்தில் இராணி சான்சி படையை நடத்திய வீராங்கனை. அப்போது அகவை 87. இதழ்கள் அவரைப் பழைய புகைப்படமாக்கிச் சட்டமிட்டு மாட்டின. அவர் எழுப்பிய மதச்சார்பின்மை வினா உட்பக்கத்தில் ஒடுங்கிற்று. அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச்சில் குசராத்தில் சிந்திய குருதி காயவில்லை. அந்த அழிவுக்குப் பரிகாரமாகவே ஒரு முஸ்லிம் நிறுத்தப்படுகிறாரா என்று கேட்டோர் இருந்தனர். அக்கேள்விக்கு விடை தேடுவதினும் வீணையைப் படம் பிடிப்பது எளிது.

சூலை 25இல் பதவியேற்ற கலாம், ஆகத்தில் தம் முதற் பயணத்துக்குத் தேர்ந்த இடம் குசராத்து. இப்போது போவது இன்றியமையாததா என்று பிரதமர் வாச்பாய் கேட்டதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். ஆயினும் போனார், நிவாரண முகாம்களில் மக்களைக் கண்டார். அச்செய்தியையும் அதே கடையில் அதே நண்பரே எனக்குப் படித்துக் காட்டினார். அன்று ‘இப்படியும்’ என்ற சொல் வரவில்லை. “போயிருக்கார், பாய்” என்று மட்டும் சொல்லி இதழை மடித்து என்னிடம் நீட்டினார்.