கிழவரின் படகில் என்ன இல்லை?

அரக்கோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். ''கடலும் கிழவனும்' நாவலை இப்போதுதான் படித்தேன். ஹெமிங்வேயிடம் சொந்தமாகப் பெரிய மோட்டார் படகு இருந்ததாமே! அதைக் கிழவருக்குக் கொடுத்திருந்தால் மீன் முழுசாகக் கரைக்கு வந்திருக்கும். கதையே தேவைப்பட்டிருக்காது, இல்லையா?'

அரக்கோணத்துக்கும் கடலுக்கும் நடுவே சுமார் எழுபது கிலோமீட்டர். கரையில் இருப்பவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருக்காது. சிரித்துவிட்டுப் போகாமல் பதில் தேடினால், உலகப் புகழ்பெற்ற அந்தச் சின்னப் புத்தகத்தை வேறு மாதிரி படிக்க வேண்டியதாகிறது.

முதலில் ஹெமிங்வேயின் படகு. 1934-ல் ஆப்பிரிக்காவில் வேட்டையாடிவிட்டுத் திரும்பியதும் நியூயார்க் புரூக்ளினில் உள்ள வீலர் படகுக் கம்பெனியில் ஆர்டர் கொடுத்தார். 38 அடி. விலை சுமார் 7,500 டாலர். அமெரிக்காவில் பலர் வேலையில்லாமல் சூப்புக்கு க்யூவில் நின்ற அந்த வருஷங்களில் இது பெரிய தொகை. கையில் அவ்வளவு பணம் இல்லை. 'எஸ்க்வயர்' பத்திரிகையிடம், எழுதப்போகும் கட்டுரைகளுக்கு முன்பணம் வாங்கித்தான் படகை எடுத்தார். பெயர் 'பிலார்'.

கம்பெனி செய்யும் மாடலை அப்படியே வாங்கவில்லை, மாற்றச் சொன்னார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஓடுவதற்கு 75 குதிரைசக்தி கிரைஸ்லர் எஞ்சின். கூடவே 40 குதிரைசக்தியில் இன்னொரு சின்ன எஞ்சின். இரையை நீரில் இழுத்துக்கொண்டே மெல்லப் போக அது. பெரியது நடுக்கடலில் மக்கர் பண்ணினால் வீடு திரும்பவும் அதுதான். எரிபொருளுக்குக் கூடுதல் டாங்க். உயிர் இரைக்கு ஒரு தொட்டி. இரண்டு பக்கமும் நீண்ட கழிகள், தூண்டில் கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க. பிறகு மேலே ஒரு மாடியும் கட்டிக்கொண்டார். உயரத்தில் நின்றால் மீன் சீக்கிரம் கண்ணில் படும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், படகின் பின்பக்கச் சுவர். அதை ஒரு அடி தாழ்த்தச் சொல்லி, மேல் விளிம்பில் நீளமான மர உருளை ஒன்றைப் பொருத்தினார். பெரிய மீன் பக்கத்தில் வந்ததும் உருளையின் மேல் உருட்டி உள்ளே இழுத்துப் போட்டுவிடலாம். ஏன் அவ்வளவு அவசரம்? சுறா! பிமினித் தீவுப் பக்கம் பெரிய மீன்களை மணிக்கணக்கில் போராடிப் பிடித்து, ஏற்றுவதற்குள் சுறாக்கள் கடித்துக் குதறிவிடும். மிஞ்சுவது தலையும் எலும்பும்.

இப்போது சான்டியாகோவின் படகுக்கு வருவோம். 16 அடி துடுப்புப் படகு. கோதுமை மாவு சாக்குகளால் ஒட்டுப்போட்ட பாய். சில சுருள் கயிறு, ஒரு எறியீட்டி, ஒரு கொக்கி, ஒரு கத்தி, ஒரு புட்டி தண்ணீர். அவ்வளவுதான். அதில் போய் 18 அடி மார்லினைப் பிடிக்கிறார். மார்லின் நம் மயில் மீனுக்குப் பெரியப்பா முறை. படகைவிட இரண்டடி நீளமான மீனை எங்கே ஏற்றுவது? பக்கவாட்டில் கட்டி இழுத்து வருகிறார். ரத்த வாசனைக்குச் சுறாக்கள் வருகின்றன.

உருளையும் தாழ்ந்த சுவரும் இருந்தால் இந்தக் கதை இல்லை. மாணவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அது மட்டுமில்லை. நாவலைத் திரும்பப் படித்தால், இல்லாத சாமான்களால்தான் அது நகர்கிறது என்று தெரியும். உப்பு இல்லை, எலுமிச்சை இல்லை; அதனால் பச்சை மீனை அப்படியே தின்ன வேண்டியிருக்கிறது. பகலெல்லாம் கடல்நீரைப் படகின் முனையில் தெளித்துக் காயவிட்டிருந்தால் உப்பு கிடைத்திருக்குமே என்று கிழவர் தன்னையே நொந்துகொள்கிறார். ரேடியோ இல்லை; பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று தெரியவில்லை. முதல் சுறாவோடு ஈட்டி போய்விடுகிறது. கத்தியைத் துடுப்பில் கட்டிக் குத்துகிறார். அதைத் தீட்ட ஒரு கல் கொண்டுவரவில்லையே என்று வருத்தம். கத்தியும் ஒடிகிறது. கடைசியில் சுக்கான் கட்டையைப் பிடுங்கி அடிக்கிறார். கூடவே, பையன் மனோலின் இருந்திருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்.

எல்லா வசதியும் செய்துகொண்ட ஒருவருக்குத்தான் எது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இத்தனை நுணுக்கமாகத் தெரியும். புத்தகத்தில் ஒரு கயிறு, ஒரு முடிச்சு கூடப் பொய் சொல்வதில்லை. இந்த விஷயத்தில் ஹெமிங்வேக்கு முழு மார்க்.

எனக்குச் சங்கடம் வேறு இடத்தில்.

1936-ல் அதே 'எஸ்க்வயர்' பத்திரிகையில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். கியூபாவில் தான் கேள்விப்பட்ட சம்பவம் ஒன்றை அதில் ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறார். தனியாகப் போன ஒரு கிழவர், பெரிய மார்லின், சுறாக்கள். நாவலின் விதை அதுதான். இரண்டு வித்தியாசங்களைக் கவனியுங்கள். அந்த நிஜக் கிழவரைக் கடலில் வேறு மீனவர்கள் கண்டுபிடித்து ஏற்றிக்கொள்கிறார்கள். அப்போது அவர் அழுதுகொண்டிருக்கிறார். இழப்பில் பாதிப் பைத்தியம். பாதிக்கு மேல் மீன் போய்விட்டது; மிச்சமே 800 பவுண்டு இருந்ததாம். அது எத்தனை மாசச் சாப்பாடு என்று அவருக்குத் தெரியும்.

1952-ல் நாவல் வந்தபோது அழுகை போய்விட்டது. காப்பாற்றிய மீனவர்களும் காணோம். சான்டியாகோ தன்னந்தனியாகக் கரை சேர்ந்து, பாய்மரத்தைத் தோளில் சுமந்து, குடிசைக்குப் போய்ப் படுத்துச் சிங்கங்களைக் கனவு காண்கிறார். அழகுதான். புலிட்சர் பரிசு வந்தது, 1954-ல் நோபல் வந்தது. ஆனால், அழுத கிழவரை எங்கே விட்டுவிட்டு வந்தார்?

காரணம் என்று எனக்குத் தோன்றுவது இது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் ஒரு விதி உண்டு. தூண்டிலில் மீன் மாட்டியபின் வேறு யாரும் தடியையோ கயிற்றையோ தொடக்கூடாது. தொட்டால் சாதனைக் கணக்கில் சேராது. 1939-ல் ஆரம்பித்த சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் இப்படிப்பட்ட விதிகளை வகுத்தது. ஹெமிங்வே அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். ஒரு மனிதன், ஒரு மீன், நடுவே யாரும் கூடாது. விளையாட்டுக்கு இது நியாயமான விதி. ஹெமிங்வே இதை எடுத்து ஒரு கூலி மீனவர் தலையில் வைத்துவிட்டார். விளையாடப் போகிறவனுக்குத் தனிமை பெருமை. பிழைக்கப் போகிறவனுக்கு அது கஷ்டகாலம்.

நாவலுக்கு இது தெரியாமல் இல்லை. பையன் இல்லையே என்று கிழவர் புலம்பும் ஒவ்வொரு வரியும் சாட்சி. நாம்தான் அந்த வரிகளைத் தாண்டிப் போய், தன்னம்பிக்கை காலண்டரில் போடத் தோதான வாக்கியத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்கிறோம்.

நம் கடல் நாவல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-ல் வந்தது. குரூஸ் மிக்கேலுக்கு எந்தப் படகு சிறந்தது என்கிற யோசனையே கிடையாது. இருக்கிற வல்லத்தை விற்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. மகன் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான். வெளியே வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை. ஒரு எஞ்சின் ஊருக்குள் வந்தால் எத்தனை குடும்பம் உடையும் என்று காட்டுகிற நாவல் அது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தது. புயலில் சிக்கி மூன்று பேர் கடலில் தத்தளிக்கிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது அங்கே பேச்சே இல்லை. யார் யாருக்காகப் பிடியை விடுவது என்பதுதான். நடையில், கச்சிதத்தில் ஹெமிங்வே பல படி மேலே. மீனவரைத் தனி ஆளாக்காமல் இருந்ததில் நம்மவர்கள் மேல்.

இனி அரக்கோணத்துக்கு வரலாம். நாவலில் கிழவரின் தலைக்கு மேல் மயாமிக்கு ஒரு விமானம் போகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று யோசிக்கிறார். கடைசியில், தன்னைத் தேடினார்களா என்று பையனிடம் கேட்கிறார். கடலோரக் காவல் படையும் விமானங்களும் தேடியதாகப் பையன் சொல்கிறான். கடல் பெரிசு, படகு சின்னது, கண்ணில் படாது என்கிறார் கிழவர்.

அந்த வரியை நன்றாகப் புரிந்துகொள்ளத் தகுதியான ஊர் அரக்கோணம். கடல் இல்லாத ஊர்தான், ஆனால் 1992 முதல் அங்கே கடற்படையின் விமானதளம் இருக்கிறது, ஐ.என்.எஸ். ராஜாளி. 2013 முதல் அங்கே பி-8ஐ ரக விமானங்கள். மாணவர் மொட்டை மாடியில் நின்றால் தலைக்கு மேல் போகும். கடலுக்கு மேலே போய்க் கண்காணிப்பதும் தேடுவதும் அவற்றின் வேலை. விமானத்தில் எத்தனை ராடார் இருந்தாலும், கீழே படகு தானாக 'இங்கே இருக்கிறேன்' என்று குரல் கொடுத்தால்தான் வேலை சுலபம்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள். பலர் எச்சரிக்கை வரும் முன்பே கிளம்பிவிட்டார்கள். படகில் இருந்த வி.எச்.எஃப். கருவி சில பத்து கிலோமீட்டருக்கு மேல் பேசாது. கரையிலிருந்து செய்தி சொல்ல வழியில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் கருவி பற்றிப் பேச்சு வலுத்தது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு அந்தக் கருவியைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கப் போனவர் 1934-லேயே மாற்று எஞ்சின் இல்லாமல் கிளம்பவில்லை. பிழைப்புக்குப் போகிறவரின் படகில் ஒரு கருவி ஏற எத்தனை உயிர், எத்தனை வருஷம்!

அதனால் கிழவரின் படகில் இல்லாததை எல்லாம் வீரம் என்று படிக்க எனக்கு இஷ்டமில்லை. உப்பு இல்லாதது வறுமை. பையன் இல்லாததும் அதுவே. 40 நாள் மீன் கிடைக்காத ராசியில்லாத ஆளோடு போகாதே என்று பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ச.து.சு.யோகியார் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, எம்.எஸ். மொழிபெயர்ப்பும் இருக்கிறது. எது கிடைத்தாலும் வாங்குங்கள். நூற்றுச் சொச்சம் பக்கம், ஒரு அரக்கோணம் லோக்கலில் போக வர முடித்துவிடலாம். பென்சில் எடுத்து, படகில் இல்லாத சாமான்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். அழுத அந்தக் கிழவர் அங்கங்கே எட்டிப் பார்ப்பார்.